முதல் கோட்டு

எங்கள் பனவடலிசத்திரத்தில் கம்பளிக் கோட்டைப் பற்றிப் பேசுகிறவனைப் பார்த்து வெயில் கூடச் சிரிக்கும். ஆயினும் கலியாண வரவேற்பில் மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாக நிற்பது இக்காலத்துச் சம்பிரதாயமாகிவிட்டதே, என்ன செய்வது! காலஞ்சென்ற என் தமையனாரின் புதல்வனுக்கு அடுத்த மாதம் விவாகம். தகப்பன் ஸ்தானத்தில் இருப்பவன் நான்.

ஆயத்த உடைக் கடையில் நாலு கோட்டுக்களைப் போட்டுப் பார்த்தான். நாலும் வலப்பக்கம் சுருங்கித் தொங்கின. சிறு பிராயத்தில் வடலிப் பனையிலிருந்து விழுந்து காறை எலும்பு முறிந்த பையன் அவன். அந்தத் தோள் அரை அங்குலம் தாழ்ந்தே கூடிற்று. அதை ஒருவரிடமும் சொல்ல மாட்டான்.

ஆகவே திருநெல்வேலியில் ஒரு வயோதிகத் தையற்காரரிடம் அழைத்துச் சென்றேன். அளவெடுத்து, பதினைந்து நாள் கழித்து 'டிரையலுக்கு' வரச் சொன்னார். போனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோட்டுக்கு ஒரு கைதான் இருந்தது. பையில்லை, பொத்தானில்லை. உள்ளே வைத்த கான்வாஸ் வெளியே தெரிய, எங்கும் வெள்ளை நூலால் நீள நீளமாக ஓட்டியிருந்தது. "இதற்கா முன்பணம்?" என்று கேட்க வாயெடுத்தேன். நல்ல வேளை, கேட்கவில்லை. பிரித்துத் திருத்துவதற்காகவே அப்படி ஓட்டுகிறார்களாம்.

பையன் கண்ணாடி முன் மார்பை நிமிர்த்தி, வலது தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கிழவர் சாக்குக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். "உங்கள் ஊர்ப் பக்கம் மழை உண்டா, தம்பி?" என்றார். பேசிக்கொண்டே பெஞ்சியின் மேலிருந்த செம்பை எடுத்துத் தரச் சொன்னார். பையன் தன்னை மறந்து நின்ற கணத்தில் தோள் தாழ்ந்தது. சாக்குக் கோடு விழுந்தது.

"கோட்டு தோளில்தான் தொங்குகிறது, ஐயா. அங்கே பிசகினால் கழுத்துப் பட்டை எழும்பும், முதுகில் மடிப்பு விழும். கீழே எவ்வளவு திருத்தினாலும் பிரயோசனமில்லை" என்று சொல்லி, அந்தத் தோளின் தையலைச் சரசரவென்று பிரித்தார்.

"இரண்டு தோளும் சமமாகும்படி பஞ்சு வைத்துவிடுங்கள்" என்றேன்.

"பாதிதான் வைப்பேன். முழுதும் வைத்தால் பொம்மைக்குப் போட்டது போலிருக்கும்."

பையன் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"பிற்பாடு சதை போடுவான், சற்றுத் தளர்வாகத் தையுங்கள்" என்றேன். எங்கள் குடும்ப வழக்கம் அது! அதற்கும் மசியவில்லை. தையலுக்குள் துணி விட்டிருக்கிறாராம். வேண்டும்போது பிரித்து விட்டுக்கொள்ளலாமாம்.

முதல் சூட்டு எந்த இளைஞனையும் ஆட்டிவைக்கும் போலும். 1888-ல் லண்டன் சென்ற காந்திஜி, பம்பாயில் தைத்த உடைகள் அந்தச் சமூகத்துக்கு ஏற்கா என்றெண்ணி, பாண்டு தெருவில் 10 பவுன் கொடுத்து மாலை உடுப்புத் தைத்துக்கொண்டதை 'சத்திய சோதனை'யில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவரே 1921 செப்டம்பர் 22-ந் தேதி மதுரையில் முழத்துண்டுக்கு மாறினார். எங்கள் பையன் அவ்வளவு தூரம் போக வேண்டாம். வரவேற்பு முடிந்தால் வேஷ்டிக்குத் திரும்பிவிடுவான்.

இரண்டாம் டிரையலுக்குக் கலியாணத்தன்று போடும் சட்டையும் பூட்ஸும் அணிந்துவரச் சொன்னார். கோட்டுக் கைக்கு வெளியே சட்டைக் கை அரை அங்குலம் தெரிய வேண்டுமாம். கால்சட்டையின் நீளத்தைப் பூட்ஸ்தான் சொல்லுமாம். பொத்தான் துளைகள் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

அன்று பையன் கண்ணாடி முன் நின்றபோது தோளைத் தூக்கவில்லை. "சித்தப்பா, முதுகில் மடிப்பு இருக்கிறதா, பாருங்கள்" என்றான். பார்த்தேன், இல்லை.