வீட்டிலே மீன்தொட்டி செய்வோம்

2007ஆம் ஆண்டு போரினால் படுவான்கரையில் வயலையும் மாட்டையும் விட்டு வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்த குடும்பங்களை நாம் அறிவோம். வயல் இல்லாத காலத்திலும் வளவில் செய்யக்கூடிய சிறுதொழில் அலங்கார மீன் வளர்ப்பு. செட்டிபாளையம் போன்ற ஊர்களில் கிணற்று நீரிலேயே கப்பி மீனை வளர்க்கலாம். அது ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு ஈனும். நுளம்புக் குடம்பிகளையும் தின்னும்.

தொட்டிக்குக் கண்ணாடியை விட அக்றிலிக் தகடு விலை கூடியது. ஆனால் பாரம் பாதி, இலகுவில் உடையாது. மீண்டும் இடம்பெயர நேர்ந்தால் தூக்கிச் செல்லலாம்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டிக்கு 6 மில்லிமீற்றர் தகடு வேண்டும். 24க்கு 12 அங்குலத்தில் மூன்று துண்டுகள் (அடி, முன், பின்). பக்கங்களுக்கு 11½க்கு 12 அங்குலத்தில் இரண்டு. விளிம்புகளை அரத்தாளால் சமப்படுத்துங்கள். சிலிக்கன் பசை அக்றிலிக்கில் உறுதியாக நில்லாது. தகட்டைக் கரைத்து இணைக்கும் திரவத்தையே ஊசியால் மூட்டுக்குள் விடுங்கள். காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கும் பிள்ளைகளுக்கும் தூரத்தில் செய்யுங்கள். மேல்விளிம்பைச் சுற்றி 2 அங்குலப் பட்டி ஒட்டினால் பக்கங்கள் புடைக்காது.

இரண்டு நாள் காயவிட்டு, வெளியில் சமமான மேசையில் நீர் நிரப்பி மேலும் இரண்டு நாள் பாருங்கள். நீர் மட்டுமே ஏறக்குறைய 53 கிலோ பாரம், மேசை உறுதியாயிருக்கட்டும்.

கடன்பட்டுத் தொடங்க வேண்டாம். ஒரு தொட்டி போதும். மிஞ்சும் மீன்களை வாவியில் விடாதீர்கள். அது நம் மீனவச் சகோதரரின் வயல்.