மோட்டார் யந்திரமும் அதன் மூச்சும்

மோட்டார் வண்டியின் உணவு யாது என்று வினவினால், பெற்றோல் என்று விடையிறுக்க எவரும் தயங்கார். ஆயின், நிறுத்துப் பார்த்தால் யந்திரம் உண்பதிற் பெரும்பகுதி காற்றே ஆகும். ஒரு பங்கு பெற்றோல் செவ்வனே எரிவதற்குத் திணிவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். கன அளவிற் கூறின், ஒரு லீற்றர் பெற்றோலுக்குச் சுமார் 9000 லீற்றர் காற்று. பெற்றோலைக் கூடுதலாக ஊட்டுதல் எளிது. அதனை எரித்தற்குரிய காற்றை ஊட்டுதலே அரிது. இதனாலேதான் வேகத்தில் விருப்புடையோர் தம் ஸ்போர்ட்ஸ் காரின் காற்றுவாயிலை மாற்ற முற்படுகின்றனர். கடையில் விற்கும் குழாயையும் வடிகட்டியையும் வாங்கிப் பொருத்துவோர் உளர். வீட்டிலேயே தகரத்தையும் பிளாஸ்ரிக் குழாயையும் வெட்டி இணைப்போரும் உளர். இவற்றால் வரும் ஆதாயம் எவ்வளவு, கேடு எவ்வளவு என்பதை இன்று ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக ஒரு காரைக் கொள்வோம். யப்பான் நாட்டு மஸ்டா கம்பனி 1989ஆம் ஆண்டு சிக்காக்கோ நகரக் கண்காட்சியில் எம்.எக்ஸ்.-5 என்னும் ஈராசனச் சிறு காரை அறிமுகஞ் செய்தது. அதன் முதல் யந்திரம் நான்கு உருளைகளும் 1.6 லீற்றர் கொள்ளளவும் உடையது. நிமிடத்துக்கு 6000 முறை சுழலும்போது, உருளைகள் முற்றாக நிரம்புவதாகக் கொண்டால், அது விநாடிக்கு 80 லீற்றர் காற்றை உட்கொள்ளும். அக்காற்று வடிகட்டிப் பெட்டியுட் புகுந்து, வில்லினால் தாங்கப்பட்ட கதவொன்றைத் தள்ளித் திறந்து, யந்திரத்தின் முன்புறமாகக் குறுக்கே செல்லும் குழாய்வழி மறுபுறத்தை அடைகின்றது. கதவு திறக்கும் அளவைக் கொண்டே, எவ்வளவு பெற்றோல் தெளிக்கவேண்டும் என்பதை மின்னணுக் கருவி கணிக்கின்றது.

யந்திரம் காற்றை இழுக்கின்றது என்று நாம் கூறுகின்றோம். உண்மையில், ஆடுதண்டு கீழிறங்க உருளையினுள் அமுக்கம் குறைகின்றது. வெளியிலுள்ள வளிமண்டலமே தன் அமுக்கத்தாற் காற்றை உள்ளே தள்ளுகின்றது. எனவே, வழியிலுள்ள தடை ஒவ்வொன்றும் உருளையிற் சேருங் காற்றைக் குறைக்கும். கூரிய விளிம்புடைய குழாய்வாயிற் புகுங் காற்று சுழித்துத் தன் இயக்க ஆற்றலின் அரைப்பங்கை இழந்துவிடும். அவ்வாயையே நாதசுரத்தின் அணைசுபோல விரித்து வளைத்துவிட்டால், அவ்விழப்பு நூற்றுக்குச் சில பங்காகக் குறையும். பந்தயக் கார்களின் காற்றுக்குழல்கள் விரிந்த வாயுடையனவாக இருத்தற்குக் காரணம் இதுவே.

அடுத்தது வெப்பம். சூடேறிய காற்று விரிந்து அடர்த்தி குன்றும். வெளிக்காற்று 30 பாகை செல்சியசும், யந்திர அறையின் காற்று 60 பாகையும் ஆயின், அறைக்காற்றில் ஒட்சிசன் நூற்றுக்கு 9 அளவிற் குறைந்திருக்கும். இதனாற்றான் அறிந்தோர் காற்றைக் காரின் முன்முகத்திலிருந்து கொணர்கின்றனர். வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவான வடிகட்டியை யந்திர அறையினுள்ளே திறந்தபடி வைப்பவரோ, தடையைக் குறைத்தோம் என்றெண்ணி வெந்த காற்றை ஊட்டுகின்றனர். யந்திரம் முழங்கும், முழக்கத்தை வலு என்று மயங்குதல் எளிது. காற்றுவழியிற் பிறக்கும் ஒலியை அடக்குதற்கும் சேர்த்தே அப்பெட்டி வகுக்கப்பட்டது. அதனைக் கழற்றியதும் முதலில் மாறுவது ஒலியே.

மூன்றாவதாக, கார் விரையும் வேகமே காற்றை உள்ளே திணிக்கும் என்று சிலர் கருதுவர். கணக்கு வேறு கூறுகின்றது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் இவ்வாறு கிடைக்கும் மேலதிக அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தில் நூற்றுக்கு அரைப்பங்கும் இல்லை. 200 கிலோமீற்றரில் நூற்றுக்கு இரண்டை எட்டாது. 300 கிலோமீற்றரிற்கூட நூற்றுக்கு நான்கு அளவே. பந்தயத்தில் அதுவும் பெரிது. ஊர்வீதியில் அது பொருட்டன்று.

இனிக் கேடுகளை நோக்குவோம். குளிர்ந்த காற்றை நாடி வடிகட்டியைச் சில்லுக்கு அருகே தாழ வைப்போர் உளர். மழைவெள்ளம் நின்ற வீதியில் அது நீருள் மூழ்கினால், யந்திரம் நீரை விழுங்கும். காற்று அமுக்கத்துக்கு இடங்கொடுக்கும், நீர் கொடாது. மேலெழும் ஆடுதண்டு நீரில் மோத, அதனைத் தாங்கும் இணைப்புத்தண்டு வளையும், அல்லது முறியும். சிறு குழாயொன்றின் பொருட்டு யந்திரமே அழிந்துபடும்.

வடிகட்டியே இல்லாது குழல்வாயைத் திறந்துவிடுதல் மற்றொரு கேடு. மணற்றுகள் உருளைச் சுவரை அரத்தைப்போல் அராவும். பந்தய யந்திரம் அடிக்கடி பிரித்துப் புதுக்கப்படுவது, நாட்கார் அத்தகையதன்று. எண்ணெய் தோய்த்த பஞ்சுத்துணி வடிகட்டியில் எண்ணெய் மிகுந்தால், பிற்காலக் கார்களிற் காற்றை அளக்கும் சூட்டுக்கம்பியில் அது படிந்து அளவைப் பிழையாக்கும். இன்னும், அளவுகருவிக்கு அப்பாலுள்ள இணைப்பிற் பிளவு இருந்தால், அளவிற் சேராத காற்று உட்புகும். பெற்றோல் போதாது எரியும். வெப்பந்தாங்காத பிளாஸ்ரிக் குழாயோ 80 பாகை அளவில் இளகத் தொடங்கும்.

ஆகவே, மாற்றுவதன்முன் அளந்து பார்ப்பதே அறிவுடைமை. அதற்குரிய கருவி மலிவானது. ஒளிபுகு குழாயை ‘ப’ எழுத்தைப்போல் வளைத்துப் பாதி நீர் நிரப்பி, ஒரு முனையைக் காற்றுக்குழாயில் வடிகட்டிக்கு அப்பால் இட்ட சிறு துளையிற் செருகுக, மறுமுனை திறந்திருக்கட்டும். பொதுவீதியில் அன்றி, மூடிய ஓடுதளத்தில், யந்திரத்தை முழு வலுவில் ஓட்டுகையில் இருபுற நீர்மட்டங்களின் வேற்றுமையை உடனிருப்பவர் குறித்துக்கொள்க. வளிமண்டலம் தாங்கும் நீரின் உயரம் ஏறத்தாழ 10 மீற்றர். எனவே 10 சென்ரிமீற்றர் வேற்றுமை, நூற்றுக்கு ஒன்று அளவான அமுக்க இழப்பைக் காட்டும். துளையை இடம் மாற்றி வடிகட்டி, அளவுகருவி, குழாய் என ஒவ்வொன்றின் பின்னும் அளந்தால், தடை எங்கே உள்ளது என்பது புலப்படும். பின்னர் துளைகளைச் செம்மையாக அடைத்துவிடுக. அக்காற்றின் வெப்பநிலையையும் வெப்பமானியால் ஒப்பிட்டுக் காண்க.

இவ்வாறு அளந்தவர், வடிகட்டியின் இழப்பு ஒரு சென்ரிமீற்றரே என்று கண்டால், விலையுயர்ந்த வடிகட்டிக்குப் பணஞ் செலவிடார். பெட்டியை அப்படியே வைத்து, முன்முகத்திலிருந்து அதற்கொரு நேர்வழி அமைப்பதே பலர்க்குப் போதுமான திருத்தமாகும். தேர்ந்த பொறியியலார் வகுத்த அமைப்பிலும் திருத்தத்துக்கு இடமுண்டு. எனினும் எவ்விடத்தைத் திருத்துவது என்பதை அளவுகோலே சொல்லவேண்டும், காது சொல்லலாகாது.