‘கொஞ்சம் மக்கர் பண்ணுது, பரவாயில்ல’ - பழைய அவுட்போர்டு மோட்டாரில் இது ஏன் ஆபத்தான வார்த்தை? கார்புரேட்டர் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

வாடைக்காற்று சீசன். புயல் எச்சரிக்கை, கொந்தளிப்பு என்று மூன்று வாரமாக ஃபைபர் படகு கரையிலேயே கிடக்கிறது. எச்சரிக்கை விலகியதும் படகை இறக்குகிறார்கள். கயிற்றை ஏழெட்டு முறை இழுத்த பிறகுதான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது. ஐடிலில் நிற்க மாட்டேன் என்கிறது, த்ராட்டிலைத் திருகினால் திணறுகிறது. “கொஞ்சம் மக்கர் பண்ணுது, ஓட ஓட சரியாயிடும்” என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறார்கள்.

சில நேரம் சரியாகிவிடும். சில நேரம் நடுக்கடலில் நின்றுவிடும். இன்னும் சில நேரம், நிற்காமல் ஓடிக்கொண்டே உள்ளே பிஸ்டனைத் தின்றுவிடும். இந்த மூன்றாவது சங்கதி பலருக்கும் தெரிவதில்லை. பெரிய செலவு வைப்பது அதுதான்.

ஊரில் அப்பாவோ சித்தப்பாவோ பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரில் கடலுக்குப் போகிறவர் என்றால், அல்லது நீங்களே ஒரு பழைய மோட்டார் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்றால், இந்த விளக்கம் உங்களுக்குத்தான்.

கார்புரேட்டர் என்ன செய்கிறது?

பழைய ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் நண்பரைக் கேட்டால் பாதி விஷயத்தைச் சொல்லிவிடுவார். கார்புரேட்டரின் வேலை ஒன்றுதான்: காற்றையும் எரிபொருளையும் சரியான அளவில் கலந்து இன்ஜினுக்குள் அனுப்புவது.

காற்று ஒரு குறுகலான குழாய் வழியாகப் பாயும்போது வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்த அழுத்தக் குறைவுதான் கீழே உள்ள கிண்ணத்திலிருந்து (ஃப்ளோட் பௌல்) பெட்ரோலை மேலே உறிஞ்சுகிறது. கிண்ணத்தில் எப்போதும் ஒரே மட்டத்தில் பெட்ரோல் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது மிதவையும் நீடில் வால்வும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வு மாதிரியேதான்.

உறிஞ்சப்படும் பெட்ரோல் பித்தளையால் ஆன ‘ஜெட்’ என்ற சின்னத் துளை வழியாகப் போகிறது. மெதுவாக ஓடும்போது ஐடில் ஜெட், வேகமாக ஓடும்போது மெயின் ஜெட். ஐடில் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். ஒரு தூசு போதும், கதை முடிந்தது.

அந்தத் துளை ஏன் அடைக்கிறது?

முதல் காரணம், சும்மா கிடப்பது. கிண்ணத்தில் தங்கிய பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிவிடும். மீதி பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்த ஆயிலும் சேர்ந்தே தங்கும்.

இரண்டாவது, தண்ணீர். கடலோரக் காற்றின் ஈரம், பாதி காலியான டேங்க், சரியாக மூடாத மூடி. கிண்ணத்தின் அடியில் இரண்டு சொட்டு உப்புத் தண்ணீர் தங்கினாலே உள்ளே வெள்ளையாகப் பூத்துவிடும். அந்தப் பொடி ஜெட்டில் போய் உட்காரும்.

மூன்றாவது, எத்தனால். இந்தியாவில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்தது. இப்போது பெரும்பாலான பங்க்குகளில் கிடைப்பது அதுதான். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஓரளவு தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். இன்ஜினுக்குப் போகும் டியூப் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். பழைய ரப்பர் டியூப், ஓ-ரிங், டயாஃப்ரம் போன்றவற்றையும் எத்தனால் உப்ப வைக்கும் அல்லது விறைக்க வைக்கும். பல அவுட்போர்டு மோட்டார்களின் கையேடுகள் 10 சதவீதம் எத்தனால் வரைதான் அனுமதிக்கின்றன.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள புதிய வண்டி சென்சார் வழியாக இதை உணர்ந்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். பழைய கார்புரேட்டருக்கு அந்த மூளை இல்லை. அன்று போட்ட துளை, இன்றும் அதே துளை. அதனால் இ20-ல் கலவை கொஞ்சம் ‘லீன்’ ஆகிறது, அதாவது காற்று அதிகம், எரிபொருள் குறைவு. இதோடு ஜெட் அடைப்பும் சேர்ந்தால் சிக்கல் இரட்டிப்பு.

‘பரவாயில்ல’ ஏன் ஆபத்து?

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஆயில் தனியாகப் போவதில்லை. பெரும்பாலான பழைய மோட்டார்களில் பெட்ரோலில் கலந்த ஆயில்தான் ஒரே மசகு. ஜெட் பாதி அடைத்தால் பெட்ரோல் மட்டும் குறைவதில்லை, ஆயிலும் சேர்ந்தே குறைகிறது. லீன் கலவையால் சூடும் ஏறும். சூடு அதிகம், மசகு குறைவு. விளைவு, பிஸ்டன் சிலிண்டரோடு உரசிப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் ‘ஜாம்’ அல்லது ‘சீஸ்’ ஆயிடுச்சு என்பார்கள்.

இரண்டு, மூன்று கார்புரேட்டர் உள்ள மோட்டார்களில் இது இன்னும் மோசம். ஒன்று அடைத்தாலும் மற்ற சிலிண்டர்கள் இழுத்துக்கொண்டு ஓடும். “வேகம் கொஞ்சம் கம்மி, ஆனா ஓடுதே” என்று தோன்றும். அந்த நேரத்தில் ஒரு சிலிண்டர் மட்டும் உள்ளே காய்ந்துகொண்டிருக்கும். நூறு, இருநூறு ரூபாய் கார்ப் கிளீனர் ஸ்பிரேயில் முடிய வேண்டிய வேலை, சிலிண்டர் ரீபோரிலும் புது பிஸ்டனிலும் போய் நிற்கும்.

முதலில் கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள்

கார்புரேட்டர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டுவதற்கு முன் வெளியே இருப்பதைப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

1. டேங்க் மூடியில் உள்ள காற்று திருகு திறந்திருக்கிறதா? மூடியிருந்தால் சிறிது நேரம் ஓடி நின்றுவிடும். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

2. டியூபின் நடுவே உள்ள ரப்பர் பல்பை அழுத்துங்கள். நாலைந்து அழுத்தலில் கெட்டியாக வேண்டும். ஆகவில்லை என்றால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது, அல்லது பல்புக்குள் உள்ள வால்வு போய்விட்டது. பல்பு சப்பையாக ஒட்டிக்கொண்டால் டேங்க் பக்கம் அடைப்பு. பல்பில் உள்ள அம்புக்குறி இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும்.

3. டியூப் முனைகளில் உள்ள கனெக்டர், ஓ-ரிங் சரியாக இருக்கின்றனவா? ஃபில்டரில் தண்ணீரோ துருவோ இருக்கிறதா?

4. இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, எல்லா பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். காபிப் பொடி நிறம் என்றால் நல்லது. கறுத்து நனைந்திருந்தால் எரிபொருள் அதிகம் அல்லது பிளக் தீப்பொறி விடவில்லை. ஒன்று மட்டும் வெளுத்துக் காய்ந்திருந்தால் அந்த சிலிண்டர் லீனாக ஓடுகிறது. கவனியுங்கள், அதுதான் ‘ஜாம்’ ஆகப்போகும் சிலிண்டர்.

5. கிண்ணத்தின் அடியில் உள்ள திருகைக் கழற்றி, வரும் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டால் தண்ணீர். பழைய வார்னிஷ் வாடை அடித்தால் கெட்டுப்போன பெட்ரோல்.

இன்ஜின் என்ன சொல்கிறது?

ஓடவிட்டுப் பார்க்கும்போது கீழ்ப்பகுதி தண்ணீருக்குள் இருக்க வேண்டும். டிரம்மில் தண்ணீர் நிரப்பியும் ஓட்டலாம். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் கூலிங் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே போய்விடும். கை, துணி எதுவும் புரொப்பெல்லர் பக்கம் போகக் கூடாது.

சோக் போட்டால்தான் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது: எரிபொருள் போதவில்லை. ஜெட் அடைப்பு அல்லது எங்கோ காற்றுக் கசிவு.

வேகத்தில் நன்றாக ஓடுகிறது, ஐடிலில் நிற்கிறது: ஐடில் ஜெட் அல்லது அதற்கான சின்ன வழிகளில் அடைப்பு.

ஐடில் நன்றாக இருக்கிறது, த்ராட்டில் கொடுத்தால் மூச்சு முட்டுகிறது: மெயின் ஜெட் அல்லது எரிபொருள் வரத்தைச் சந்தேகியுங்கள். அந்த நேரத்தில் பல்பை அழுத்தினால் உயிர் வருகிறதா? அப்படியென்றால் ஃப்யூயல் பம்ப் டயாஃப்ரமோ டியூபோதான் காரணம். கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியதில்லை.

பெட்ரோல் சொட்டுகிறது, பிளக் நனைகிறது, புகை கக்குகிறது: நீடில் வால்வில் தூசு, அல்லது மிதவைக்குள் பெட்ரோல் புகுந்து மூழ்கிவிட்டது. மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே சத்தம் கேட்கும்.

சுத்தம் செய்வது எப்படி?

காற்றோட்டமான இடத்தில் மட்டும். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தக் கொக்கியில் இருந்தது என்று மறுநாள் நினைவிருக்காது.

ஐடில் கலவைத் திருகைக் கழற்றும் முன், மெதுவாக உள்நோக்கித் திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பப் போடும்போது அதே அளவு. கடைசியில் அழுத்தி முறுக்கினால் முனை கெட்டுவிடும்.

ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். அடைப்பை எடுக்க ஊசியோ இரும்புக் கம்பியோ வேண்டாம். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும், பிறகு கலவை ஒருநாளும் சரியாக வராது. கார்ப் கிளீனரில் ஊறவைத்து, மெல்லிய தூண்டில் நரம்பை விட்டு எடுங்கள். நைலான் பித்தளையைக் கீறாது. பிறகு எல்லா வழிகளிலும் காற்றடித்துப் பாருங்கள். ஸ்பிரே அடிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

கழற்றியது கழற்றியதுதான். கேஸ்கெட், ஓ-ரிங், நீடில் வால்வு அடங்கிய கிட் வாங்கி மாற்றிவிடுங்கள். பல கார்புரேட்டர் உள்ள மோட்டாரில் ஒன்றை மட்டும் சுத்தம் செய்து விடாதீர்கள். ஒன்றில் இருந்த அழுக்கு மற்றதிலும் இருக்கும்.

மண்ணெண்ணெய் மோட்டார் என்றால்?

குமரிக் கடலோரத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகள் சகஜம். இவை பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறும். கரைக்கு வந்து நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். அப்படியே நிறுத்தினால் கிண்ணம் முழுக்க மண்ணெண்ணெய். மறுநாள் குளிர்ந்த இன்ஜின் அதில் பற்றாது. “கார்புரேட்டர் போச்சு” என்று நினைப்பதற்கு முன் கிண்ணத்தை வடித்துவிட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ய மட்டும் பயன்படும் பெட்ரோல் மெதுவாகத்தான் தீரும் என்பதால், அது எத்தனை நாள் பழசு என்பதிலும் ஒரு கண் வையுங்கள்.

திரும்ப வராமல் இருக்க

ஒரு வாரத்துக்கு மேல் படகு நிற்கும் என்று தெரிந்தால் கிண்ணத்தின் திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். பல நோய்களுக்கு மருந்து இந்த இரண்டு நிமிட வேலைதான். பெட்ரோலைத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று போடுங்கள். டியூப் மாற்றும்போது எத்தனாலைத் தாங்கும் ரகம் கேட்டு வாங்குங்கள்.

ஆயில் அளவு மோட்டாருக்கு மோட்டார் மாறும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. கையேட்டில் உள்ளதைத்தான் போட வேண்டும். கண் அளவில் ஊற்றும் பழக்கம் வேண்டாம்.

எல்லாம் செய்த பிறகும் திணறினால்? கம்ப்ரஷன், தீப்பொறி, கிராங்க் சீல் என்று வேறு காரணங்கள் இருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

ஆக, அடுத்த முறை வீடியோ காலில் அப்பா “இன்ஜின் கொஞ்சம் மக்கர் பண்ணுதுப்பா, ஆனா ஓடுது” என்று சொன்னால், ஒன்றே ஒன்று கேளுங்கள்: “பிளக்கைக் கழட்டிப் பாத்தீங்களாப்பா? எல்லாம் ஒரே கலர்ல இருக்கா?” ஒன்று மட்டும் வெளுத்திருந்தால், அன்றைக்குக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு நாள் பாடு போனால் போகட்டும். கரையில் நிற்கும் இன்ஜினைச் சரிசெய்துவிடலாம். நடுக்கடலில் நின்ற இன்ஜினை வைத்துக்கொண்டு, பக்கத்துப் படகு வருமா என்று பார்த்துக் காத்திருக்கத்தான் முடியும்.