முப்பதில் மூவர்

தமிழக ஊரகத்தில் இரண்டு இலக்கக் கழித்தலைச் செய்யத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் 25.9 சதவீதம், 2022-இல் 11.2 சதவீதம். பிரதம் அமைப்பின் ஏசர் ஆய்வு தரும் கணக்கு இது. இதே நான்கு ஆண்டில் நாட்டின் சராசரி 28.2-லிருந்து 25.9-க்கு இறங்கியது. நாட்டின் சரிவு 2.3 புள்ளி, நம்முடையது 14.7 புள்ளி.

கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. அந்த 30 பேரில் 11.2 சதவீதம் என்பது மூன்று பேர். 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் மற்ற பிள்ளைகளில் பலர் 7-லிருந்து 2-ஐக் கழித்து 35 என்பார்கள். ஒரு பத்துக்கட்டை அவிழ்த்து ஒன்றுகளாக்கும் இனமாற்றம் கைவராதவர்கள் இவர்கள். 2018-இன் கணக்கிலும் தெரிந்தவர்கள் எட்டுப் பேர்தான். 22 பேருக்குத் தெரியாது. எனவே முழுப் பழியையும் பெருந்தொற்றின் மேல் போட முடியாது.

தொற்றின் பங்கும் சிறிதல்ல. 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடைவெளி 19 மாதம். தமிழக ஊரகத்தில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு, கணக்கில் 0.73 திட்டவிலக்கமும் மொழியில் 0.34 திட்டவிலக்கமும் இழப்பு என்றது. கணக்கின் இழப்பு இரு மடங்குக்கும் மேல். மொழி வீட்டிலும் காதில் விழும். இனமாற்றத்தைப் பள்ளிதான் சொல்லித்தர வேண்டும். திறந்த ஆறு மாதத்தில் இழப்பின் மூன்றில் இரு பங்கு மீண்டது. மீட்பில் சுமார் 24 சதவீதம் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் மாலை வகுப்புகளால் வந்தது என்பது ஆய்வின் மதிப்பீடு.

2022 சூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. 2021-22 திருத்திய பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கிய தொகை 66.70 கோடி ரூபாய். நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு விரிக்க 2023-24-இல் அறிவித்தது 110 கோடி ரூபாய். பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும் அதன் நிலை அரும்பா, மொட்டா, மலரா என்று பார்த்து அங்கிருந்து தொடங்குவதே முறை. முந்தைய படி தேறாமல் அடுத்த படி இல்லை என்ற கொள்கை நமக்குப் புதிதல்ல: 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலின் ஏணியும் அதுவே.

ஏசர் 2024-இல் தமிழக அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்புக் கழித்தல் 2022-ஐவிட 15 புள்ளிக்கு மேல் உயர்ந்தது. இந்த ஏற்றம் அரசுப் பள்ளிகளுடையது. மேலே சொன்ன 11.2 எல்லாப் பள்ளிகளுக்கும் உரியது. இரண்டையும் நேராகக் கூட்டக் கூடாது. ஆனாலும் 2018-இன் அளவை ஒட்டி வந்திருக்கிறோம் என்று கொள்ளலாம். அதாவது, மீண்டும் முப்பதில் எட்டுப் பேர்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலை தேடி வரும் குடும்பங்களின் பிள்ளைகளும், திருவள்ளூர் செங்கல் சூளைகளுக்குப் பொங்கலை ஒட்டி வரும் ஒடிசா பிள்ளைகளும் இந்தக் கணக்கில் தனி வரி. சனவரி நடுவில் சேரும் பிள்ளைக்கு ஏப்ரல் முடிவதற்குள் மீதமிருப்பது மூன்றரை மாதம். பள்ளியாண்டின் மூன்று பருவங்களில் ஒன்று. எட்டு வயதானாலும் அது முதல் நிலையான அரும்பில்தான் தொடங்க வேண்டும்.