சோத்தாங்கைப் பக்கமா, தெக்காலயா?

சென்னை தாம்பரத்தை அடுத்த சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பில் முகவரியைக் காட்டி வழி கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். பைக்கில் நிற்கும் இளைஞர், "ஸ்ட்ரெய்ட்டா போயி செகண்ட் ரைட் எடுங்கண்ணா" என்பார். டீக்கடை பெஞ்சில் இருக்கும் பெரியவர், "இப்படியே தெக்கால போனா ஒரு அம்மன் கோயில் வரும் தம்பி. அதுக்கு மேக்கால போற சந்துதான்" என்பார். இரண்டுமே அந்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆனால் இருவரும் ஊரை மனதுக்குள் வைத்திருக்கும் விதம் வேறு.

இடதும் வலதும் நம் உடம்போடு ஒட்டியவை. நாம் திரும்பினால் அவையும் திரும்பிவிடும். வடக்கும் தெற்கும் நமக்காகத் திரும்புவதில்லை. ஆகவே திசை சொல்லிப் பேசிப் பழகியவர், தான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்ற கணக்கை விடாமல் வைத்திருந்தாக வேண்டும். வீட்டுக்குள்ளும், இருட்டிலும், பஸ் பத்து முறை வளைந்த பிறகும் அந்தக் கணக்கு தப்பக் கூடாது.

ஆஸ்திரேலியாவின் வடக்கு குயின்ஸ்லாந்தில் கூகு யிமித்திர் மொழி பேசும் பழங்குடியினர் இதில் கரைகண்டவர்கள். "உன் காலுக்கு வடக்கே எறும்பு, பார்த்து" என்பது அவர்கள் பேச்சுமுறை. அவர்களில் ஒரு முதியவர் தன் படகு கவிழ்ந்த கதையை 1980இல் ஜான் ஹாவிலண்ட் என்ற ஆய்வாளரிடம் சொன்னார். 1982இல் ஸ்டீஃபன் லெவின்சன் என்ற இன்னொரு ஆய்வாளரிடம் அதே கதையை மறுபடி சொன்னார். இரண்டும் படம் பிடிக்கப்பட்டன. முதல் முறை அவர் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். படகு கவிழ்ந்ததைக் கையால் முன்புறமாக உருட்டிக் காட்டினார். இரண்டாம் முறை வடக்கே பார்த்திருந்தார். கை வலமிருந்து இடமாக உருண்டது. இரண்டு முறையும் படகு கிழக்கிலிருந்து மேற்காகத்தான் கவிழ்ந்தது! கை பொய் சொல்லவில்லை.

இது ஏதோ தொலைதூரத்து அதிசயம் என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தில் லெவின்சன் குழுவினர் 1990களில் உலகின் பல மூலைகளில் ஒரு எளிய சோதனை நடத்தினார்கள். மேசைமேல் மூன்று பொம்மை விலங்குகள், வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. பார்த்து மனதில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பிறகு ஆளை முழுவதுமாகத் திருப்பி, பின்னால் இருக்கும் இன்னொரு மேசையில் அதேபோல அடுக்கச் சொல்வார்கள். டச்சுக்காரர்களுக்கு முதலில் இடப்பக்கம் பார்த்த மாடு, மறுபடியும் இடப்பக்கம் பார்த்தது. மெக்சிகோவின் மலைச்சரிவில் வாழும் செல்டால் மக்களுக்கோ, வடக்கே பார்த்த மாடு திரும்பவும் வடக்கேதான் பார்த்தது.

அந்த வரிசையில் தமிழும் இருந்தது. அந்தக் குழுவைச் சேர்ந்த எரிக் பீடர்சன் மதுரை வட்டாரத்தில் கிராமத்துத் தமிழரையும் நகரத்துத் தமிழரையும் ஒப்பிட்டார். ஒரே மொழி, ஒரே இலக்கணம். இடது வலதும் நான்கு திசையும் இருவருக்கும் தெரியும். ஆனால் அன்றாடப் பேச்சில் கிராமத்தார் திசையைச் சொன்னார்கள், நகரத்தார் இடம் வலம் சொன்னார்கள். வாய் திறக்கத் தேவையில்லாத பொம்மை அடுக்கும் வேலையிலும் அந்த வேறுபாடு தலைகாட்டியது.

பேசிப் பழகிய விதமே நினைக்கும் விதத்தையும் மாற்றுகிறது என்ற இந்த முடிவை மறுத்தவர்களும் உண்டு. பெக்கி லீ, லைலா கிளைட்மன் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்க மாணவர்களை வைத்து இதே சோதனையைச் செய்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். திரை போட்ட அறையில் இடம் வலம் பார்த்தே அடுக்கிய மாணவர்கள், கண்ணுக்கு அடையாளங்கள் தெரிந்த இடத்தில் சுற்றுப்புறத்தைத் துணைக்கு எடுத்துக்கொண்டார்கள். மொழி காரணமல்ல, சூழல்தான் காரணம் என்பது அவர்கள் வாதம். லெவின்சன் தரப்பு அதே ஆண்டு பதில் எழுதியது. என்னைக் கேட்டால், அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் சூழலையும் மொழியையும் அப்படிப் பிரித்து நிறுத்த முடியாது என்பதற்கு சேலையூரே சாட்சி.

தமிழ்நாட்டு நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடலை நோக்கித் தாழ்கிறது. மேற்கு, கிழக்கு என்ற சொற்களே 'மேல்', 'கீழ்' என்பவற்றிலிருந்து வந்தவை. தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள ஏரிகளும் இந்தச் சரிவை நம்பித்தான் வெட்டப்பட்டன. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கத்து உபரி நீர் போய்ச் சேருமிடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். எந்த ஏரிக்குக் கலங்கல் எந்தப் பக்கம், போக்குக் கால்வாய் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை விவசாயம் பார்த்த தலைமுறை தனியாகப் படிக்கவில்லை, பேசிப் பேசியே அறிந்திருந்தது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியபோது, தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்தவர் பக்கத்து வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

அந்த வயல்கள் இன்று மனைகள், மனைகள் அடுக்குமாடிகள். அடிவானம் மறைந்தது; கூடவே பேச்சும் மாறியது. பத்திரத்தில் மட்டும் பழைய முறை அப்படியே இருக்கிறது. நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியை எழுதும்போது 'இன்னார் மனைக்குக் கிழக்கு, பொதுவழிக்கு வடக்கு' என்றுதான் எழுதுவார்கள். எழுதுகிறவர் எங்கே நின்றாலும் நிலத்தின் எல்லை மாறக் கூடாதல்லவா? கிழக்கு பார்த்த வாசலா என்று விசாரித்துத்தான் ஃபிளாட் வாங்குகிறோம். குடிபோன மறுநாளிலிருந்து லிஃப்டுக்கு லெஃப்ட், ரைட் என்றாகிவிடுகிறது. கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் என்று நாள்தோறும் சொல்லும் பிள்ளைகளுக்கும் அவை வெறும் பெயர்களாகிவிட்டன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. போவது நான்கு சொற்கள் மட்டுமல்ல, நிற்கும் மண்ணின் சரிவு தெரிந்த ஒரு அறிவும்தான்.

செல்டால் பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயதுக்குள் இந்தத் திசைப்பேச்சு கைவந்துவிடுகிறது. யாரும் வகுப்பு எடுப்பதில்லை. வீட்டில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டே வருகிறது. சேலையூரிலும் அப்படிப் பேசும் பெரியவர்கள் இருக்கிறார்கள். "பீரோவுக்கு வடக்கால பாருடா கண்ணு" என்று பாட்டி சொல்லும்போது, "லெஃப்ட்டா ரைட்டான்னு சொல்லுங்கம்மா" என்று நாம் குறுக்கே புகாமல், பிள்ளையை வடக்கே தேடவிடுவோம்.