நுழைவுத்தேர்வுக்குத் திட்டமிடல்

புனே நகரை அடுத்த ஆகுர்டி, தொழிற்சாலைகள் மிகுந்த பகுதி. வேலையின் பொருட்டு அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. பிள்ளை ஐந்தாம் வகுப்பை எட்டும்போது அவ்வீடுகளில் ஒரு கேள்வி எழுவதுண்டு: நவோதயா பள்ளிக்குத் தேர்வு எழுதுவதா, சைனிக் பள்ளிக்கு எழுதுவதா?

இவ்விரு பள்ளிகளின் தொடக்கத்திலும் மகாராட்டிரத்துக்கு இடமுண்டு. நாட்டின் முதல் சைனிக் பள்ளி 1961இல் சாத்தாராவில் தோன்றியது. நவோதயா பள்ளிகள் 1985-86இல் முதலில் தொடங்கப்பெற்ற ஈரிடங்களுள் ஒன்று அமராவதி. தமிழ்நாட்டில் நவோதயா பள்ளி இல்லை. உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதிநகரில் இருப்பது சைனிக் பள்ளி. பெயர் ஒற்றுமை கண்டு இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

படிப்பைத் தொடங்குமுன் விதிகளை அறிதல் வேண்டும். நவோதயாத் தேர்வை ஒருவர் ஒருமுறை மட்டுமே எழுத இயலும். ஐந்தாம் வகுப்பை எந்த மாவட்டத்தில் முழுவதும் பயில்கிறாரோ, அம்மாவட்டப் பள்ளிக்கே விண்ணப்பிக்கலாம். பணியிட மாற்றத்தை எதிர்நோக்கும் பெற்றோர் இதனைக் கருதுதல் நன்று. குறைந்தது 75 விழுக்காடு இடங்கள் ஊரகப் பள்ளி மாணவர்க்கு உரியவை. ஆகுர்டியோ பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சியைச் சேர்ந்தது. ஆதலின் அங்குப் பயில்வோர் எஞ்சிய இடங்களுக்கே போட்டியிட நேரும். சைனிக் பள்ளியில் 67 விழுக்காடு இடங்கள் அப்பள்ளி அமைந்த மாநிலத்தார்க்கு ஒதுக்கப்படுகின்றன. பிள்ளையின் இருப்பிடச் சான்றிதழ் தமிழ்நாட்டுக்குரியதாயின், சாத்தாராவைவிட அமராவதிநகரில் வாய்ப்பு மிகுதி.

அடுத்தது மதிப்பெண் பங்கீடு. நவோதயாத் தேர்வில் 80 வினாக்கள், 100 மதிப்பெண்கள், 2 மணி நேரம். இவற்றுள் பாதி மதிப்பெண் மனத்திறனுக்குரியது. வேறுபட்ட உருவத்தைக் காணல், கண்ணாடிப் பிம்பத்தை அறிதல், மடித்துத் துளையிட்ட தாளை விரித்தால் எவ்வாறு தோன்றும் எனக் கூறல் என அப்பகுதி முழுவதும் படங்களாகவே அமையும். சைனிக் பள்ளியின் ஆறாம் வகுப்புத் தேர்விலோ மொத்த 300 மதிப்பெண்களுள் 150 கணிதத்துக்கே. 125 வினாக்களுக்கு 150 நிமிடங்கள். அஃதாவது ஒரு வினாவுக்கு 72 நொடிகள். இரண்டுக்கும் ஒரே கால அட்டவணை பொருந்தாது என்பது இதனால் விளங்கும். படங்களை விரும்பிப் பார்க்கும் பிள்ளை, பின்னக் கணக்கில் தயங்கும் பிள்ளை என இயல்பறிந்து நேரத்தைப் பகுத்தல் வேண்டும்.

சைனிக் பள்ளித் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். இதனைக் கேட்டு மகிழும் பெற்றோர் சற்றே நிதானித்தல் நலம். வீட்டில் தமிழ் பேசினும், பள்ளியில் கணிதத்தை ஆங்கிலத்தில் கற்ற பிள்ளைக்கு 'மீப்பெரு பொதுக்காரணி' என்னும் சொல் புதியது. பிள்ளை எம்மொழியில் கணக்கிடுகிறதோ, அம்மொழியைத் தேர்வதே தக்கது. தமிழ்ப்பற்றைக் காட்டும் இடம் அதுவன்று!

பழைய வினாத்தாள்களை அடுக்கடுக்காக எழுதச் செய்வது பலர் கையாளும் முறை. பத்துத் தாள் எழுதித் தவற்றைத் திருத்தாதிருப்பதினும், இரண்டு தாள் எழுதி, ஒவ்வொரு தவறும் ஏன் நேர்ந்தது எனக் காண்பது மேல். இரு தேர்விலும் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆதலால் எவ்வினாவையும் விடுதல் கூடாது. விடைத்தாளின் வட்டங்களைப் பேனாவால் நிரப்பும் பயிற்சியும் தேவை.

இரண்டும் விடுதியுடன் கூடிய பள்ளிகள். பத்து வயதில் பிள்ளை வீட்டைப் பிரிகிறது. நவோதயாவில் சேர்ந்தால், ஒன்பதாம் வகுப்பில் ஒரு பகுதி மாணவர் வேற்றுமொழி பேசும் மாநிலத்துக்கு ஓராண்டு அனுப்பப்படுவதும் உண்டு. இவற்றை ஒளிக்காமல் எடுத்துரைத்து, பிள்ளையின் விருப்பத்தைக் கேட்ட பின்னரே விண்ணப்பத்தை நிரப்புதல் முறை.