ஓடையைச் சித்திரையிலேயே பாருங்க

தாராபுரத்துல உட்கார்ந்து வெள்ளத்தைப் பத்திப் பேசினா சிரிப்பாங்க. மழை மறைவுப் பகுதி நம்முடையது. வறட்சி நிவாரணத்துக்கு மனு எழுதித்தான் நமக்குப் பழக்கம். ஆனால் அமராவதியில் வருவது ஆனைமலை, மறையூர்ப் பக்கத்து மலைத் தண்ணீர். 90 அடி அணை முன்னமே நிரம்பியிருந்து, ஐப்பசியில் மலையில் அடைமழை பிடித்தால், வருகிற தண்ணீரை ஆற்றில் விடுவதைத் தவிர வேறு வழியில்லை. அணைக்குக் கீழே குதிரையாறும் சண்முகாநதியும் வேறு வந்து சேர்கின்றன. அதனால் அணையில் எத்தனை கனஅடி திறந்தார்கள் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு ஆற்றோர மோட்டாரை விட்டுவைக்காதீர்கள்.

ஆற்றை விட எனக்குப் பயம் நம்ம ஓடைகள் மேலதான். வங்கியில் கணக்குப் பார்த்த பழக்கம், இதையும் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் 4 லட்சம் லிட்டர். ஆயிரம் ஏக்கருக்கு 40 கோடி. மூடாக்கும் சரிவுக்குக் குறுக்கே உழவும் உள்ள காட்டில் இதில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கும். மீதி ஓடைக்குத்தான் போகணும். ஓடையிலோ வேலிக்காத்தான், குழாய்ப் பாலத்தின் வாயில் பிளாஸ்டிக்கும் பனியன் வேஸ்ட்டும்.

1977 நவம்பரில் வேடசந்தூர் பக்கம் குடகனாறு அணை உடைந்தது. அதுவும் நம்மைப் போல வறண்ட சீமைதான். மண் அணை. வந்த வெள்ளத்துக்கு வெளியேறும் வழி ஈடுகொடுக்காமல், தண்ணீர் கரைக்கு மேலே வழிந்து, பின்சரிவை அரித்துப் பல இடங்களில் உடைத்துக்கொண்டு போனது. நம்ம ஊர்க் குளத்துக் கரையும் மண்தானே? கூடக் கொஞ்சம் தண்ணி நிக்கட்டும்னு கலிங்கு மேல மணல் மூட்டை அடுக்குகிறோமே, அதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அக்டோபர் 2-ல் ஓடையைப் பற்றிப் பேசிப் பயனில்லை, மழை வாசலில் நிற்கும். மார்ச் 22, தண்ணீர் தினக் கூட்டம். அதை விட்டால் மே 1. ஓடையின் புல எண்ணும் புலப்படமும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். அளந்து கல் நடச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். முன்பு பொதுப்பணித்துறையிடம் இருந்து இப்போது நீர்வளத்துறையிடம் உள்ள ஏரி என்றால் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. ஆக்கிரமிப்பில் நம்ம பங்காளி வரப்பும் இருக்கும். அங்கேதான் பேச்சு நின்றுபோகும், தெரிந்ததுதான்.

தூர் வாரும்போது வண்டல் மண்ணை தாசில்தார் அனுமதியோடு நம் காட்டுக்கே கொண்டுவரலாம். கரை அடியிலும் மதகுப் பக்கத்திலும் மட்டும் தோண்ட விடாதீர்கள். வேலிக்காத்தானை எடுத்த கரையை மொட்டையாக விடாமல் வெட்டிவேர், நொச்சி வையுங்கள்.

தீர்மானத்தில் இன்னொரு வரி சேருங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு மதகுச் சாவி யாரிடம் இருக்கும், அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் திறப்பார் என்று பேர் போட்டு எழுதுங்கள்.